இருபத்தைந்து நொடி விடியல்

பகலில் என் பிழைப்பு எலும்புகளோடு.
ரெஜைனாவில், மருத்துவமனையின் அடித்தளத்தில்
மூச்சை இழுங்கள், பிடியுங்கள், அசையாதீர்கள் என்பேன்.
சரி, விடுங்கள்.
ஒரு நாளைக்கு நாற்பது நெஞ்சுகள்
என் சொல்லுக்கு நின்று நின்று போகும்.

இந்த மாதம் அமாவாசை சனிக்கிழமையில் விழுந்தது.
அசினிபோயா தாண்டித் தெற்கே
சரளைக்கல் சாலையில் நாற்பது நிமிடம்.
ஒரு வளைவுகூட இல்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது சும்மா மரியாதைக்கு.

ஹெட்லைட்டை அணைத்ததும்
முதலில் ஒன்றுமே இல்லை.
கண் இருட்டுக்குப் பழக நேரமாகும்,
அதுவரை காதுதான் பார்க்கும்:
அறுத்த கோதுமைத் தாளில் காற்று நடக்கிற சத்தம்,
எங்கோ கொயோட்டிகள்,
பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்திகள்போல.

பிறகு வானம் வந்தது.
தலைக்கு மேல் மட்டுமல்ல,
முழங்கால் உயரத்திலும், கணுக்கால் உயரத்திலும்.
ஒரு நட்சத்திரம் முள்வேலிக் கம்பியில் உட்கார்ந்திருந்தது.
கிழக்கே கார்த்திகை ஏறியது.
ஆறா ஏழா என்று எண்ணப் போய்
எண்ணிக்கை விட்டுப்போனது.

ட்ரைபாட் காலை விரித்து,
லென்ஸில் பனி படியாமலிருக்க
கை சூடாக்கும் பொட்டலத்தை
ஒற்றைக் காலுறைக்குள் போட்டுச் சுற்றிக் கட்டினேன்.
தென்மேற்கில் பால்வீதி நெட்டுக்குத்தாய் நின்றது.
அதனடியில் மூன்று தகரக் குதிர்கள்.
எல்லாம் சரி,
அந்த ஒரு விளக்கைத் தவிர.

பண்ணை முற்றத்துக் கம்பத்தில், ஆரஞ்சு நிறத்தில்.
கால் மைல் தள்ளி நின்றுகொண்டே
என் படத்தின் இடது மூலைக்கு
மஞ்சள்காமாலை வரவழைத்தது.
ஆறு படம். ஆறும் அப்படியே.

போய்க் கதவைத் தட்டினேன்.
இரவு பதினொன்றரை,
அறிமுகமில்லாத ஒருத்தி, நெற்றியில் சிவப்பு விளக்கு.
எப்படித் தெரிவேன் என்பது
தட்டிய பிறகுதான் உறைத்தது.

ஓரெஸ்ட் ஹ்ரிட்சுக் செருப்பில்லாமல் வந்தான்.
நட்சத்திரமா, என்றான்.
ஆமாம்.
காசு வருமா அதில்?
வராது.
விவசாயிக்கு அது உடனே புரிந்தது.

ஆனால் அதற்கு சுவிட்ச் கிடையாது, என்றான்.
இருட்டினால் தானே எரியும்,
விடிந்தால் தானே அணையும்.
உச்சியில் ஒரு கண் இருக்கிறது.

கொட்டகைக்குப் போய்
ஒரு பெரிய டார்ச்சோடு வந்தான்.
அண்ணாந்து
அந்தக் கண்ணுக்குள் நேராக அடித்தான்.
விளக்கு உடனே நம்பவில்லை.
கொஞ்ச நேரம் யோசித்து,
விடிந்துவிட்டது போலிருக்கிறது என்று
அணைந்தது.

நான் தாள்கட்டையில் தடுக்கி விழுந்து ஓடினேன்.
கை வலிக்கிறது, சீக்கிரம், என்று அவன் குரல்
வயலைக் குறுக்கே தாண்டி வந்தது.
ஷட்டரை அழுத்தினேன்.
பழக்கதோஷம்:
மூச்சைப் பிடியுங்கள், அசையாதீர்கள் என்று கத்தினேன்.
அவனிடமா, குதிர்களிடமா,
மேலே இருந்தவற்றிடமா, தெரியவில்லை.

இருபத்தைந்து நொடி.
எப்போதோ கிளம்பிய வெளிச்சமெல்லாம்
வந்து விழுந்துகொண்டே இருந்தது.
கதவு திறந்திருந்த நேரத்தில் வந்தவை மட்டும்
உள்ளே.

சரி, விடுங்கள்.

படத்தைப் பார்க்க அவனே நடந்து வந்தான்.
ஓரத்தில் வெள்ளை நூலாக அவன் டார்ச்,
கை நடுங்கிய இடத்தில் சற்றுத் தடித்து.
அதை அழிக்கப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் பால்வீதியைப் பார்க்கவே இல்லை.
திரையில் விரலை வைத்துப் பெரிதாக்கி,
நடுக் குதிரின் மூடி திறந்து கிடக்கிறது, என்றான்.
திங்கட்கிழமை மழை.

ஏணியில் அவன் பூட்ஸ் சத்தம் ஏறியது.
எங்கள் பின்னால் அந்த விளக்கு
ஏமாந்தது தெரிந்தாற்போல்
முதலில் வெளிறிய ரோஜாவாக,
பிறகு மெல்ல மெல்ல
பழைய ஆரஞ்சாக.

மூடி விழுந்த ஓசை மூன்று வயலுக்குக் கேட்டது.
கொயோட்டிகள் கொஞ்ச நேரம்
வாயை மூடிக்கொண்டன.